ரீதிகௌளையில் நீ விட்ட இடம்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் பேசினால் "சரிப்பா, சரிப்பா" என்று இரண்டு நிமிஷத்தில் முடித்துவிடுகிறாய். அதனால்தான் காகிதம்.

முந்தாநாள் ராத்திரி நீ அம்மாவிடம் சொன்னதை எல்லாம் அவள் சொன்னாள். நீ போட்ட மெட்டைக் கேட்டுவிட்டு அந்தக் குறும்பட டைரக்டர், "இது 'கண்கள் இரண்டால்' ஆச்சே, அப்படியே அடிச்சிட்டியா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டாராம். அதே மனிதர்தான் பத்து நாளைக்கு முன்னால் அந்தப் பாட்டை உனக்கு அனுப்பி, இதே மாதிரி வேண்டும் என்றாராம். நீ ரெண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று உன் அம்மா புலம்புகிறாள். முதலில் போய்ச் சாப்பிடு. அப்புறம் இதைப் படி.

நீ அனுப்பிய மெட்டைத் திண்ணையில் உட்கார்ந்து ஏழெட்டுத் தடவை கேட்டேன். நாயனத்தில் வைத்து ஊதுகிற சீவாளியை நனைத்து, கூடவே வாசித்தும் பார்த்தேன். என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். நீ காப்பி அடிக்கவில்லை. உன் தப்பு வேறு. கடன் வாங்கப் போனவன் பாதி வழியில் கூச்சப்பட்டுத் திரும்பி வந்துவிட்டாய்.

எப்படி என்று சொல்கிறேன். உன் மெட்டு ரீதிகௌளை ராகம். ஆரம்பத்தில் உன் வயலின் "ச க ரி க ம" என்று வளைந்து வருகிறது. அங்கே எனக்கு உடம்பு சிலிர்த்தது, பொய் சொல்லவில்லை. அடுத்து "நி நி ச" என்று நிஷாதத்தில் ஒரு அழுத்தம் கொடுத்து மேலே போயிருக்க வேண்டும். நீ என்ன செய்தாய்? யாரோ பார்த்துவிட்டார்கள் என்பதுபோல், புல்லாங்குழலை விட்டு "ச ரி க ம ப" என்று மாடிப்படி ஏறுகிற மாதிரி நேராக ஏற்றிவிட்டாய். ரீதிகௌளையில் நேர் நடை கிடையாது, தம்பி. ஏறும்போது பஞ்சமத்தை, அதாவது 'ப'வைத் தொடவே கூடாது. இறங்கும்போதுதான் "க ம ப ம க ரி ச" என்று அது எட்டிப் பார்க்கும். நேராக ஏறினால் கரகரப்ரியா ராகத்தின் வீட்டு வாசலில் போய் நிற்பாய். அந்த வீட்டுக்காரர்கள் நல்லவர்கள்தான், ஆனால் நீ தேடிப் போனது அவர்களை இல்லையே.

'க' என்கிற காந்தாரத்தையும் கீபோர்டில் கட்டையாக நிறுத்தியிருக்கிறாய். அதில் அசைவு வேண்டும். வாசித்தவன் விரலில் அது தானாக வரும். பொத்தானை அழுத்துகிறவன் யோசித்துத்தான் கொண்டுவரவேண்டும். சின்ன வயதில் உன்னை என் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு வருஷம் ஊதவைத்தேன். பல் வலிக்கிறது என்று ஓடிவிட்டாய். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. அதை இங்கே எழுதக்கூடாது, எழுதிவிட்டேன்.

சரி, கடன் விஷயத்துக்கு வருகிறேன். 'கண்கள் இரண்டால்' மட்டும் எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறாய்? 2008-இல் 'சுப்ரமணியபுரம்' படத்துக்கு ஜேம்ஸ் வசந்தன் போட்டது. அதற்கு ஒன்பது வருஷம் முன்னால் 'முதல்வன்' படத்தில் ரஹ்மான் 'அழகான ராட்சசியே' போட்டார். அதுவும் ரீதிகௌளை. பேச்சுத் தமிழில் எழுதிய காதல் பாட்டுக்கு இப்படி ஒரு கச்சேரி ராகம் பொருந்தும் என்று அவருக்குத் தோன்றியதே, அதைச் சொல்லவேண்டும். அதற்கும் முன்னால் 1977-இல் 'கவிக்குயில்' படத்தில் 'சின்னக் கண்ணன் அழைக்கிறான்'. இளையராஜா சினிமாவுக்கு வந்து ஒரே வருஷம் ஆகியிருந்தது. பாலமுரளிகிருஷ்ணாவையே கூப்பிட்டுப் பாடவைத்தார். பிறகு 'ஒரு ஓடை நதியாகிறது' படத்தில் 'தலையைக் குனியும் தாமரையே' என்று அதே ராகத்துக்கு மறுபடியும் போனார். இவர்கள் எல்லாருக்கும் முன்னால் தியாகராஜருடைய 'த்வைதமு சுகமா', சியாமா சாஸ்திரியின் மகன் சுப்பராய சாஸ்திரியுடைய 'ஜனனி நின்னுவினா' என்று கச்சேரியில் பாடுகிற பெரிய உருப்படிகள் இருக்கின்றன. இதில் யார் யாரைக் காப்பி அடித்தது?

இந்தச் சினிமாப் பாட்டுகளில் ஒன்றின் பல்லவியை எடுத்து இன்னொன்றின் மேல் வைத்துப் பார். பொருந்தாது. ஆனால் நாலும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று முதல் அடியிலேயே தெரிந்துவிடும். ராகம் ஊர்க்குளம் மாதிரி, யார் வேண்டுமானாலும் குடத்தை எடுத்துக்கொண்டு இறங்கலாம். மெட்டு பட்டா நிலம். அடுத்தவன் வரப்பை வெட்டினால் சண்டைதான். போன வருஷம் டெல்லியில் நடந்த வழக்கை நீயும் படித்திருப்பாய். 'பொன்னியின் செல்வன்' இரண்டாம் பாகத்தின் 'வீரா ராஜ வீரா' பாட்டு, டாகர் சகோதரர்களின் 'சிவ ஸ்துதி' என்ற வடநாட்டுத் துருபத் சங்கீத உருப்படியிலிருந்து வந்தது என்று அந்தக் குடும்பத்தார் ரஹ்மான் மேல் போட்டது. 2025 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி இரண்டு கோடி கட்டச் சொல்லி இடைக்கால உத்தரவு போட்டார். செப்டம்பரில் இரண்டு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. நீதிபதிகளுக்கே ஒரே எண்ணம் வராத விஷயத்தில், உன் டைரக்டர் டீக்கடையில் நின்றுகொண்டு தீர்ப்பு சொல்லிவிட்டார்.

2008 ஆவணியில் நடந்தது ஒன்று ஞாபகம் வருகிறது. நீ அப்போது ஸ்கூலில் இருந்தாய். கும்பகோணம் பக்கத்தில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பில் நான் மோகனம், கரகரப்ரியா என்று போய்க்கொண்டிருந்தேன். பெண்ணின் தம்பி கார் ஜன்னலில் தலையை நீட்டி, "அண்ணே, 'கண்கள் இரண்டால்' போடுங்க" என்றான். படம் வந்து ரெண்டு மாசம்கூட ஆகவில்லை. பஸ்ஸில் கேட்ட ஞாபகத்தில் பிடித்தேன். பல்லவி முடிந்ததும் அடுத்தது தெரியவில்லை, அதனால் ராகத்துக்குள்ளேயே கொஞ்சம் சுற்றி, ரெண்டு பிடி சேர்த்து மறுபடி பல்லவிக்கு வந்தேன். தவில்காரர் சிரித்துக்கொண்டே வாசிக்கிறார். பந்தலில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், வெற்றிலையை மென்றபடியே எழுந்து வந்து, "பிரமாதமான ரீதிகௌளை. யார் உருப்படி இது, நான் கேட்டதே இல்லையே?" என்றார். "சசிகுமார் படம், சாமி" என்றேன். அவருக்கு யார் என்றே தெரியவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். ராகம் சினிமாவுக்குப் போய் வேறு சட்டை போட்டுக்கொண்டு எங்கள் ஊர்வலத்துக்கே திரும்பி வந்தது. பெரியவர் சட்டையைப் பார்க்கவில்லை, ஆளைப் பார்த்தார்.

இந்தப் போக்குவரத்து இன்று நேற்று வந்தது இல்லை. 1944-இல் வந்த 'ஹரிதாஸ்' படத்தில் பாகவதர் 'மன்மத லீலையை வென்றார் உண்டோ' பாடினார். பாபநாசம் சிவன் பாட்டு, சாருகேசி. தியாகராஜர் 'ஆடமோடி கலதே' பாடிய ராகம்தான். ஆனால் சபா வாசலை மிதிக்காத சனங்களுக்கெல்லாம் சாருகேசி என்றால் அந்தப் பாட்டுதான், பெயர் தெரியாமலே. படம் சென்னையில் மூன்று தீபாவளி கண்டது என்றால் எத்தனை காதுக்குள் போயிருக்கும் பார். எங்கள் குலத்துக்கே ஒரு பாட்டு இருக்கிறது, 'சிங்கார வேலனே தேவா'. 1962, 'கொஞ்சும் சலங்கை', ஆபேரி. ஜானகி பாட, காருகுறிச்சி அருணாசலம் அண்ணன் நாயனம். அதை வாசிக்காமல் திருவிழா மேடையை விட்டு என்னை யாரும் இறங்கவிட்டதில்லை. சுங்கச்சாவடி மாதிரி, கட்டிவிட்டுத்தான் போகவேண்டும்.

என் வாத்தியார் கோயிலுக்குள் சினிமா வாசிக்கவிடமாட்டார். சுவாமி புறப்பாடு என்றால் கம்பீர நாட்டை ராகத்தில், அதற்கென்றே வாசிக்கிற மல்லாரிதான். ஊர்வலத்தில் ஜனங்கள் கேட்டால் மட்டும் வாசிக்கச் சொல்வார், கேட்டுக்கொண்டே பின்னால் நடந்து வருவார். ஒரு தடவை நான் சினிமாப் பாட்டுத்தானே என்று கமகம் என்கிற அசைவு இல்லாமல் தட்டையாக ஊதியதற்குத்தான் திட்டினார்.

இப்போது உனக்கு உபயோகமானதைச் சொல்கிறேன். 1985-இல் வந்த 'சிந்து பைரவி'யை மறுபடி கேள், படத்தோடு வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு கேள். 'மரி மரி நின்னே' தியாகராஜர் காம்போதியில் செய்த கீர்த்தனை. ராஜா அதைத் தூக்கிச் சாரமதி ராகத்தில் வைத்தார். சாரமதியில் தியாகராஜருக்கு 'மோக்ஷமு கலதா' இருக்கிறது, அதனால் வீடு தெரியாத இடத்துக்குக் கொண்டுபோகவில்லை. ஆனாலும் சாகித்யத்தை, அதாவது வார்த்தைகளை மட்டும் வைத்துக்கொண்டு வர்ணமெட்டை மாற்றுவதா என்று எங்கள் பக்கத்தில் பலர் முகத்தைச் சுளித்தார்கள். நானும் சுளித்தேன். அப்புறம் யோசித்தேன். 'பாடறியேன் படிப்பறியேன்' என்று சித்ரா நாட்டுப்புறப் பாட்டாக ஆரம்பிக்கிறாள், அது போகப் போகக் கீர்த்தனையில் போய் விழுகிறது. எந்த இடத்தில் வயல்வரப்பு முடிந்து சபா ஆரம்பிக்கிறது என்று கோடு போட்டுக் காட்ட முடியவில்லை. காம்போதியிலேயே விட்டிருந்தால் அந்தத் தையல் இப்படி மறைந்திருக்குமா, சந்தேகம்தான். சித்ராவுக்கு அந்தப் பாட்டுக்குத் தேசிய விருது, ராஜாவுக்கும் அந்தப் படத்துக்கு.

அதே படத்தில் 'கலைவாணியே' இருக்கிறது. கல்யாணி ராகத்தில் ஆரோகணம், ஏறு வரிசை மட்டும். இறங்கு வரிசையான அவரோகணமே இல்லை. இறங்கவேண்டிய இடத்தில் கீழே தாவி, மறுபடி அங்கிருந்து ஏறுகிறது. கேட்கும்போது தெரியாது. நாயனத்தில் வாசித்துப் பார்த்தேன், பழக்கதோஷத்தில் விரல் தானாக இறங்கப் போகும், இழுத்துப் பிடிக்கவேண்டியிருந்தது. ஆயிரம் பேர் ஆலாபனை செய்த கல்யாணியில், யாரும் உட்காராத ஒரு மூலையைக் கண்டுபிடித்திருக்கிறார்.

அதற்கு நேர் எதிராக 'அக்னி நட்சத்திரம்' பாட்டைப் பார். பூச்சி சீனிவாச ஐயங்காருடைய மோகன ராக வர்ணம், நாங்கள் எல்லாரும் பாலபாடமாக வாசித்தது. அதிலிருந்து 'நின்னுக்கோரி' என்ற தலைப்பையும் ராகத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு மீதியெல்லாம் புதுசாகக் கட்டினார். எங்கே வாங்கினேன் என்பதைப் பாட்டின் முதல் வார்த்தையிலேயே சொல்லிவிட்டார், ஒளிக்கவில்லை. எம்.எஸ்.வி.யும் 'அதிசய ராகம்' பாட்டில் பாலமுரளி உருவாக்கிய மஹதி ராகத்தை வாங்கினார். ச க ப நி, நாலே ஸ்வரம். கடைசியில் "அவளொரு பைரவி" என்ற வரிக்கு வரும்போது ராகத்தையும் பைரவிக்கு மாற்றிவிடுகிறார். கண்ணதாசன் எழுதியதா, அவர் கேட்டு எழுதவைத்ததா, அது அவர்களுக்குள்.

நீயும் அந்த வயலினை வைத்துக்கொள். "ச க ரி க ம" முடிந்ததும் பயப்படாமல் "நி த ம நி நி ச" என்று போ. புல்லாங்குழலை எடுத்துவிடு. ராகம் முழுசாக நின்றபிறகு, தாளத்தையோ வாத்தியத்தையோ உன் இஷ்டத்துக்கு மாற்று. டைரக்டர் மறுபடி கேட்டால், இது ரீதிகௌளை என்று சொல். அவருக்குப் புரியாவிட்டால் 'சின்னக் கண்ணன்' போட்டுக் காட்டு.

நான் வாசித்ததை அம்மா அவள் போனில் பிடித்து அனுப்பியிருக்கிறாள். மூன்றாவது நிமிஷத்தில் "ம நி நி ச" வருகிறது, அந்த நிஷாதத்தை மட்டும் கேள். நடுவில் குக்கர் விசில் அடிக்கும், பொறுத்துக்கொள். ஐப்பசியில் நாலு முகூர்த்தம் ஒப்புக்கொண்டிருக்கிறேன், பழைய சீவாளி ரெண்டு வீணாகிவிட்டது. தீபாவளிக்கு வரும்போது உன்னைத் திருவாவடுதுறைக்கு அழைத்துப்போகிறேன், வாங்கிக்கொண்டு வரலாம்.

இப்படிக்கு,
அப்பா