கதை அலமாரியில் ஓர் இடம் கேட்டு

தமிழ்நாட்டின் கிளை நூலகர்களுக்கு,

வணக்கம். போன மாதம் எங்கள் ஊர் நூலகத்தில் ஈழப்போர் நாவல் ஒன்றைத் தேடினேன். கதை வரிசையில் இல்லை. விசாரித்ததில், ‘அரசியல்’ என்று சீட்டு ஒட்டிய தட்டில், மேடைப் பேச்சுத் தொகுப்புகளுக்கு நடுவே கிடைத்தது. “ஈழம்னா அரசியல்தானே சார்” என்றார் எடுத்துக் கொடுத்தவர்.

அந்தத் தட்டுப் பக்கம் யார் போகிறார்கள்? ஏற்கெனவே ஒரு முடிவோடு இருப்பவர்கள்தான். குடும்பக் கதை தேடி வரும் பெண்களும் லீவில் வரும் பிள்ளைகளும் அங்கே எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. இந்தக் கதைகள் போய்ச் சேர வேண்டியது அவர்களிடம்தான்.

2009இல் முள்ளிவாய்க்காலில் ஷெல்லுக்குப் பயந்து சனம் கடற்கரையில் பங்கர், அதாவது பதுங்குகுழி, வெட்டியது. வெறும் மணல், வெட்ட வெட்டச் சரியும். மூட்டை அடுக்கித்தான் நிறுத்த வேண்டும், மூட்டைக்குச் சாக்கு இல்லை. அதனால் சேலைகளைக் கிழித்துப் பை தைத்தார்கள். கட்டிய சேலை, பெட்டியில் பொத்தி வைத்திருந்த பட்டு, எல்லாமே மண் மூட்டையானது. இதை முதலில் அறிந்தபோது, சேலையைக் கிழித்த பெண் எந்தப் பக்கம் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. கூறைச் சேலையில் கத்தரியை வைக்கும் முன் அவள் எவ்வளவு நேரம் அதைக் கையில் வைத்திருந்தாள் என்றுதான் நினைத்தேன். அந்த நேரத்தைச் சொல்லக் கதையால்தான் முடியும்.

அரசியலைக் கழற்றிவிடச் சொல்லவில்லை. குண்டு போட்டது யார் என்பது கதைக்குள்ளும் இருக்கும். ஆனால் நம் மேடைகள் தொடாததும் அங்கே இருக்கும்: புலிகள் பிடித்துப்போன பிள்ளைக்காக வாசலில் அழுத தாய், 1990 அக்டோபரில் சில மணி நேரக் கெடுவில் அதே புலிகளால் யாழ்ப்பாணத்தைவிட்டு வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பம். இவர்களையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த மண்ணில் இருந்தவர்களைத் தெரிந்துகொண்டதாக ஆகும்.

நான் கேட்பது சின்ன விஷயம். அந்த நாவல்களைக் கதை வரிசைக்கு மாற்றுங்கள். வாசகர் வட்டத்தில் ஒரு மாதம் அவற்றில் ஒன்றை எடுத்துப் பேசுங்கள். ‘இடம்பெயர்வு’ என்ற சொல்லுக்கு அர்த்தம் கேட்கும் பிள்ளைக்கு நிதானமாகச் சொல்லுங்கள். 1995 அக்டோபர் 30 இரவில், யாழ்ப்பாணத்திலிருந்து லட்சக்கணக்கானவர்கள் மழையில் நடந்ததைச் சொன்னாலே போதும், புரிந்துவிடும்.

நான் எடுத்துவந்த புத்தகத்தைச் சனிக்கிழமை திருப்பித் தர வேண்டும். எந்தத் தட்டில் வைக்க வேண்டும் என்று எங்கள் நூலகரிடம் நேரிலேயே சொல்லப்போகிறேன்.

அன்புடன்,
உங்கள் வாசகன்