மச்சில் இருந்து இறங்கி வந்த வால்வுகளுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லாருக்கும்,

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகையில் சாயங்காலப் பாட்டுகளுக்கு நான் வாசித்த கிடார், நானே கட்டிய வால்வு ப்ரீஆம்ப் வழியாகத்தான் வந்தது. வால்வு என்றால் டிரான்சிஸ்டருக்கு முந்தின காலத்துக் கண்ணாடிக் குழல், ப்ரீஆம்ப் என்றால் கிடாரின் சன்னமான சிக்னலை முதலில் பெருக்கும் பெட்டி. பாட்டு முடிந்ததும் நாலைந்து பேர் வந்து "இதை எங்கே வாங்கினது?" என்று கேட்டார்கள். வாங்கவே இல்லை. பாளையங்கோட்டையைச் சுற்றி ஆளுக்கொரு பொருள் கொடுத்து, ஆளுக்கொரு வித்தை சொல்லித் தந்து என்னைக் கட்ட வைத்தார்கள். அன்றைக்குக் கூட்டத்தில் அதைச் சொல்ல முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று இரண்டு பேர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரும் இல்லை. படிக்கும்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

முதலில் மைக்செட் அண்ணாச்சி. எத்தனையோ கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டியவர். இப்போது கடையில் இருப்பது எல்லாம் டிரான்சிஸ்டர் ஆம்ப்தான். பழைய வால்வு ஆம்ப் ஏதும் கிடக்கிறதா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். "மச்சுல ஏறிப் பாரு தம்பி, வேணுங்கத எடுத்துக்கோ" என்றார். இஎல்34 என்ற பெரிய வால்வு ஒரு ஜோடி போட்ட பழைய ஆம்ப் இரண்டு இருந்தன, பக்கத்தில் ஒரு பிஸ்கட் டின். டின்னுக்குள் இசிசி83 என்ற சின்ன வால்வு ஒன்பது, ஒவ்வொன்றும் வேட்டித் துணியில் தனித்தனியாகச் சுற்றி வைத்தது. விற்கவும் முடியாது, தூரப் போடவும் மனசு வராது என்று இத்தனை வருசம் காத்து வைத்திருந்திருக்கிறார். ஒவ்வொன்றையும் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். "தலையில வெள்ளி பளபளன்னு இருந்தா உசுரு இருக்கு. பால் மாதிரி வெளுத்துப் போச்சுன்னா காத்து புகுந்துட்டு." இரண்டு வெளுத்திருந்தன. மிச்ச ஏழையும் ஓட விட்டு பென்சிலால் மெல்லத் தட்டச் சொன்னார், அதில் இரண்டு மட்டும் மணி அடித்த மாதிரி ஸ்பீக்கரில் கணகணத்தன. ஐந்து தேறியது.

காசு நீட்டினதும் முகம் மாறிவிட்டது அவருக்கு. "கொடைக்குக் குழாய் கட்டும்போது ஏணி பிடிக்க வா, அது போதும்" என்றார். வைகாசியில் இரண்டு ராத்திரி பிடித்தேன் அண்ணாச்சி, ஆனாலும் அது போதாது.

அதே மச்சில் ஒரு பை நிறைய தீர்ந்துபோன இஎல்34 கிடந்தது, அதைத் தந்ததற்குத்தான் உங்களுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். நான் கட்டியது ஒரே பெட்டி இல்லை. கரண்ட் கொடுக்கும் பெட்டி ஒன்று, அதன் மேல் செருகிக் கழற்றுகிற மாதிரி மூன்று சின்னப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு இசிசி83. செருக ஒரு பிளக் வேண்டுமே? செத்த இஎல்34-ஐ சாக்கில் சுற்றி, கண்ணாடியை உடைத்து எடுத்துவிட்டு, எட்டு பின்னையும் ஒவ்வொன்றாகச் சூடாக்கி உள்ளே இருந்த பழைய ஈயத்தையும் கம்பியையும் உருவி எடுத்தால், அடிப்பாகம் அருமையான எட்டுப் பின் பிளக். அது உட்கார வேண்டிய பேஸ் அந்தப் பழைய ஆம்பிலேயே இருந்தது. முதல் பின்னில் கிடார் சிக்னல், நேர் எதிரே இருக்கும் ஐந்தாம் பின்னில் 290 வோல்ட், இரண்டும் எவ்வளவு தள்ளி இருக்க முடியுமோ அவ்வளவு தள்ளி. கழற்றிய பெட்டியில் கண்டன்சர் சார்ஜைப் பிடித்துக்கொண்டு இருந்தால் அந்தப் பின்னைத் தொட்டவன் கதி? அதனால் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் சார்ஜ் வடிய ஒரு 220 கிலோ ஓம் ரெசிஸ்டர். ஓடும்போது கழற்றவே கூடாது என்பது வேறு. "மீட்டர் வைக்கும்போது இடது கை எப்பவும் இடுப்புல இருக்கணும்" என்று அண்ணாச்சி சொன்னது இன்றைக்கு வரைக்கும் மாறவில்லை.

வண்ணார்பேட்டையில் மோட்டார் காயில் கட்டும் அண்ணனுக்கு அடுத்த நன்றி. தோட்டத்து மோட்டார்கள் வரிசையில் காத்துக் கிடக்கும்போது, கடை அடைத்த பிறகு உட்கார்ந்து, உடைந்த ஸ்டெபிலைசரின் தகடுகளை வைத்து எனக்கு டிரான்ஸ்ஃபார்மர் சுற்றித் தந்தார். ஒரு பக்கம் 220 வோல்ட் (டிசி ஆக்கி அந்த 290 எடுப்பது இதில் இருந்துதான்), இன்னொரு பக்கம் வால்வைச் சூடாக்கும் பில்மென்டுக்கு 6.3 வோல்ட், நடுவில் கரண்ட் தாவாமல் இருக்க நான் கேட்காமலே லெதராய்டு தாள் இரண்டு மடிப்பு. மூன்று வால்வுக்கும் சேர்த்து பில்மென்ட் 0.9 ஆம்பியர்தான் இழுக்கும், அவர் இரண்டு ஆம்பியர் தாங்கும்படி கம்பி போட்டார். நாலு மணி நேரம் ஓடியும் கை வைத்தால் வெதுவெதுப்புதான்.

மேலப்பாளையம் காயலாங்கடை பாய்க்கு எப்படி நன்றி சொல்ல? 2006-இல் அரசு கொடுக்க ஆரம்பித்த இலவச கலர் டிவிகள் இப்போது அவர் கடையில் மலையாகக் கிடக்கின்றன. 230 வோல்ட் கரண்டை நேராக டிசி ஆக்கினால் 325 வரை போகும் என்பதால் அந்த டிவி போர்டுகளில் 400 வோல்ட் தாங்கும் பெரிய கண்டன்சர் இருக்கும். கூடவே 223 என்று எழுதிய குட்டி பாலியெஸ்டர் கண்டன்சர்கள், அதாவது 0.022 மைக்ரோ ஃபாரட், ஒரு வால்வில் இருந்து அடுத்ததற்குச் சிக்னலைக் கடத்த இதைவிடப் பொருத்தமான அளவு இல்லை. எடை போட்டு விற்கிற போர்டை என்னிடம் கொடுத்து, வேண்டியதைக் கழற்றிக்கொள் என்று ஸ்டூலும் டீயும் கொடுத்தார் பாய். தகடு மடித்து ஓட்டை போட்டுத் தந்த பட்டறைத் தம்பிக்கும் நன்றி.

எல்லாம் கட்டியும் மூன்று வாரம் ஒரே ஹம், ஸ்பீக்கரில் ஓயாத உறுமல். பெரிய கண்டன்சரை மாற்றினேன், இன்னொன்று கூட்டினேன், எர்த் கம்பியை நாலு தடவை பிரித்துக் கட்டினேன், அது குறையவே இல்லை. வானொலியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சார் ஒருவர் வீட்டுக்கு வந்தார். உள்ளே கூட வரவில்லை, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே "இது ஐம்பது சைக்கிள். டிசியை வடிகட்டுறதுல குறைன்னா நூறு கேட்கும். பில்மென்ட் கம்பியைப் பாருங்க தம்பி" என்றார். கேட்ட மாத்திரத்தில் சொன்னார். பில்மென்ட் கம்பி இரண்டையும் நெருக்கமாக முறுக்கி மூலையோரமாகக் கொண்டு போகச் சொல்லி, இரண்டு முனையில் இருந்தும் எர்த்துக்கு ஒவ்வொரு 100 ஓம் ரெசிஸ்டர் போட வைத்தார். சுவிட்சைப் போட்டதும் வால்வு சூடாகிற வரைக்கும் காத்திருந்தோம். அப்புறமும் அமைதி. கிடார் கம்பியைத் தொட்டதும்தான் சத்தம் வந்தது. சார், அந்த நிமிசத்தை நான் மறக்க மாட்டேன்.

பழைய ஆம்பில் இருந்த மெழுகு பூசிய தாள் கண்டன்சர்களைப் போடாதே, டிசி கசிந்து அடுத்த வால்வில் சிக்னல் நுழையும் கிரிட்டைக் கெடுத்துவிடும் என்று சொன்னதும் அவர்தான். முதல் பெட்டியில் வால்வின் கேத்தோடு என்ற முனைக்கு 25 மைக்ரோ ஃபாரட் கண்டன்சர் வைத்தேன், கிடார் முழுசாக, நிதானமாக வருகிறது. இரண்டாவதில் 0.68, அடிக்கம்பிகள் குழையாமல் எடுப்பாகக் கேட்கும், அசனத்தன்று வாசித்தது அதில்தான். மூன்றாவதில் வால்வின் முதல் பாதி சிக்னலை அறுபது மடங்கு பெருக்கி இரண்டாம் பாதி மேல் தள்ளுகிறது, சத்தம் கரகரவென்று உடையும், அது சபைக்கு ஆகாது, வீட்டுக்கு.

அம்மாவுக்கும் நன்றி, ஈயப் புகையில் சமையலறைச் சன்னலை மூன்று மாசம் திறந்தே வைத்திருந்ததற்கு.

பாய், கழற்றியது போக மிச்ச போர்டு மூன்று கிலோ இருக்கிறது, திங்கட்கிழமை கொண்டு வந்து போடுகிறேன். அண்ணாச்சி, அடுத்த கொடைக்கு ஏணி பிடிக்க நான் வருவேன். அந்தப் பெட்டியையும் கொண்டு வரட்டுமா? வில்லுப்பாட்டு ஆரம்பிக்கும் முன்னால், உங்கள் வால்வை உங்கள் குழாயிலேயே ஒரு பாட்டு கேட்டுப் பார்க்கலாம்.

அன்புடன்,
கிடார் வாசிக்கிற தம்பி
பாளையங்கோட்டை