தவணைச் சலுகை கடைசிக் குழுவரை வர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் சமூக நல முதலீட்டாளர்களைப் பற்றி வந்த கட்டுரையை எங்கள் வீட்டில் எல்லாருமே படித்தோம். ஐரோப்பாவில் யாரோ போடும் சேமிப்பு, ஒரு முதலீட்டு நிறுவனம் வழியாக இங்கே மியான்மரில் ஏழைகளுக்குச் சிறுகடன் கொடுக்கும் மைக்ரோபைனான்ஸ் கம்பெனிக்கு வந்து, அங்கிருந்து ஒரு பெண்ணின் கைக்குக் குழுக்கடனாகப் போய்ச் சேரும் விதத்தை நன்றாக விளக்கியிருந்தார்கள். அந்தப் பெண்ணால் கட்ட முடியாமல் போனால் என்ன ஆகும் என்பது மட்டும் அதில் இல்லை. பகோ பக்கத்தில் குழுத் தலைவியாக இருந்தவள் நான். விடுபட்ட அந்தப் பகுதியைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது.

கடன் கொடுத்தவர் நெருக்கடியில் எப்படி நடந்துகொள்கிறார் என்பது இந்த நாட்டுத் தமிழர்களுக்குப் பழைய விஷயம். ரங்கோன் மொகல் தெருவில் பெட்டியடி போட்டு உட்கார்ந்த நகரத்தார்கள்தான் கீழ்ப் பர்மாவின் நெல் விவசாயத்துக்கு முதல் கொடுத்தார்கள். உலகமெங்கும் பொருளாதார மந்தம் வந்து 1930இல் நெல் விலை சரிந்தது. விவசாயியால் வட்டிகூடக் கட்ட முடியவில்லை. முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் அந்த ஆண்டு செட்டியார்கள் கையில் இருந்த நிலம் சுமார் 5,70,000 ஏக்கர், நூற்றுக்கு 6 பங்கு. 1938இல் அது ஏறக்குறைய 24,70,000 ஏக்கர் ஆகிவிட்டது, நூற்றுக்கு 25 பங்கு. இவர்களில் பலர் நிலத்தை ஆசைப்பட்டு எடுக்கவில்லை. அவர்களுக்கும் வங்கிக் கடன் இருந்தது, ஊரில் பணம் போட்டவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொருவரும் சட்டப்படி தன் முதலைக் காப்பாற்றிக்கொண்டார். எல்லாரும் சேர்ந்து செய்தபோது ஒரு தேசத்தின் வயல் கை மாறியது. கடன் வாங்கியவனுக்கு நிலம் போனது மட்டும்தான் தெரிந்தது. அந்தக் கோபத்துக்கு வட்டிக்கடைப் பக்கமே போகாத கூலிக்காரத் தமிழ்க் குடும்பங்களும் ஆளாயின. சுதந்திரத்துக்குப் பிறகு வந்த நில நாட்டுடைமைச் சட்டத்தில் செட்டியார்களின் நிலமும் போனது. சேர்ந்து பொறுத்திருப்போம் என்று கடன் கொடுத்தவர்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

இன்றைய முதலீட்டாளர்கள் அந்த ஏற்பாட்டைக் கற்றுக்கொண்டார்கள். இதை மனதாரப் பாராட்டுகிறேன். 2020இல் கொரோனா வந்தபோது ஓய்கோகிரெடிட், சிம்பயாட்டிக்ஸ் உள்ளிட்ட சில பெரிய முதலீட்டு நிறுவனங்கள் தங்களுக்குள் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. ஒரு மைக்ரோபைனான்ஸ் கம்பெனி தடுமாறினால், ஒருவர் மட்டும் முந்திக்கொண்டு பணத்தை உருவக் கூடாது, கெடுவைத் தள்ளிப்போடுவதென்றால் எல்லாருமாகப் பேசிச் செய்ய வேண்டும் என்பதுதான் அதன் சாரம். ஒருவர் உருவ ஆரம்பித்தால் மற்றவர்களும் ஓடுவார்கள், நல்லபடியாக நடந்த கம்பெனியும் படுத்துவிடும். சரியான முடிவு அது.

ஆனால் அந்தப் பொறுமை எங்கள் வரைக்கும் வந்து சேரவில்லை. வெளிநாட்டு முதலீட்டாளர் கெடு நீட்டுவது கம்பெனிக்கு. கம்பெனி எங்களுக்கு நீட்ட வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. 2020 ஏப்ரலில் அரசாங்கம் வசூலை நிறுத்தச் சொன்னது. முதலில் அந்த மாதக் கடைசி வரை, அப்புறம் மே நடுவரை. அதோடு சரி. 2021இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு வங்கி மூடிக் கிடந்தது, ஏடிஎம் வாசலில் விடியற்காலையிலேயே வரிசை நின்றது, சந்தையில் வியாபாரம் இல்லை. அப்போதும் எங்கள் குழுவுக்குத் தவணை நாள் தவறாமல் வந்தது.

குழுக்கடனில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும் என்பது உங்கள் வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் குழுவில் காய்கறி விற்கும் அக்கா ஒருவர், மற்றவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று நாள்வட்டிக்கு வாங்கி வந்து குழுத் தவணையைக் கட்டினார். இன்னொருவர் தாலிக்கொடியை அடகு வைத்தார். கம்பெனி நோட்டில் எங்கள் குழுவுக்குப் பாக்கி ஒன்றுமில்லை. இங்கிருந்து முதலீட்டாளருக்குப் போகும் அறிக்கையில், 30 நாளுக்கு மேல் பாக்கி நிற்கும் கடன் எவ்வளவு என்ற எண்ணைத்தான் முக்கியமாகப் பார்ப்பார்கள். அந்த எண் குறைவாக இருந்தால் எல்லாம் நலம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்த அக்காவின் நாள்வட்டி அதில் எங்கே தெரியும்?

சட்டப்படி ஆண்டுக்கு 30 சதவீதமாக இருந்த மைக்ரோபைனான்ஸ் வட்டியின் உச்சவரம்பை 2019இல் 28 ஆக்கினார்கள். நல்லதுதான். தவணை தவறக் கூடாதென்று வெளியில் வாங்கும் கடனுக்கு அந்த உச்சவரம்பு எட்டுவதில்லை.

டாலர் விஷயமும் இருக்கிறது. ஒரு டாலர் எங்கள் நாட்டுப் பணத்தில் 1,330 கியாட் அளவில் இருந்தபோது டாலரில் கடன் வாங்கிய கம்பெனி, 2022இல் அரசாங்க விலையே 2,100 ஆனபோது என்ன செய்யும்? வெளிச் சந்தையில் அதற்கும் மேல். பரிமாற்ற நட்டத்துக்கு முன்கூட்டியே காப்பு எடுக்காத கம்பெனி, அந்தச் சுமைக்கு எங்களைத்தான் நெருக்கும். அதே 2022 ஜூலையில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்திவைக்கும்படி மத்திய வங்கி உத்தரவிட்டது. அதாவது முதலீட்டாளர்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் காத்திருக்க வேண்டி வந்தது. எங்கள் ஊரில் தவணை ஒரு வாரம்கூட நிற்கவில்லை.

தள்ளுபடி கேட்கவில்லை ஐயா. எல்லாருக்கும் தள்ளுபடி என்று அறிவித்தால் அடுத்த வருஷம் கடன் கொடுக்க யாரும் வரமாட்டார்கள், இருக்கிறவனும் கட்டமாட்டான். அது எனக்கும் தெரியும். யாரால் முடியவில்லை, யார் ஏய்க்கிறார் என்பது குழுத் தலைவிக்கும் வசூலுக்கு வரும் பையனுக்கும் நன்றாகவே தெரியும். அவர்கள் சொல்வதைக் கேட்க மேலே ஆள் வேண்டும். அந்தப் பையனுக்கோ வசூல் குறைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள். அவன் எப்படி வாய் திறப்பான்?

முதலீட்டாளர்கள் கம்பெனிக்குக் கெடு நீட்டிக் கொடுக்கும் பத்திரத்திலேயே ஒரு வரி சேர்க்கலாம்: எங்களிடம் வாங்கும் இந்த அவகாசத்தை உன்னிடம் கடன் வாங்கியவர்களுக்கும் கொடு, எத்தனை பேருக்குக் கொடுத்தாய் என்று கணக்குக் காட்டு. புயலோ பூகம்பமோ கலவரமோ வந்த இடத்தில், நிலைமை சீராகும் வரை ஒருத்தியின் பாக்கியை மற்றவர்கள் தலையில் கட்டக் கூடாது என்றும் எழுதலாம். 2025 மார்ச்சில் மண்டலே, சகைங் பக்கம் இடிந்துபோன வீடுகளை நினைத்தால், இதை எழுதுவதில் இவர்களுக்கு என்ன கஷ்டம் என்று புரியவில்லை. கெடு மாற்றி எழுதிய கடனைக் கம்பெனியின் குறையாக எண்ணாமல் இருந்தாலே பாதி நெருக்கடி குறையும், ஏனென்றால் கம்பெனி பயப்படுவது அந்த எண்ணுக்குத்தான்.

உங்கள் கட்டுரையாளர் அடுத்த முறை இந்த முதலீட்டாளர்கள் யாரையாவது பேட்டி காணும்போது, நீங்கள் கொடுத்த அவகாசம் கடைசியில் கடன் வாங்கிய பெண்ணுக்குப் போய்ச் சேர்ந்ததா, அதை எப்படித் தெரிந்துகொண்டீர்கள் என்று கேட்டு, அவர்கள் சொல்லும் பதிலை அப்படியே வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பகோ, மியான்மர்