சம்பளக் கணக்கில் விடுபட்டவை

ஆசிரியருக்கு, வணக்கம்.

அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் பொறியாளர்களின் கைக்கு வரும் சம்பளம் எப்படி மாறுகிறது என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மாநில வருமான வரி பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது என்ற அதன் அடிப்படைச் செய்தி சரியானதே. ஆனால் டெக்சஸ், வாஷிங்டன், புளோரிடா ஆகியவற்றை ‘வரியில்லாத மாநிலங்கள்’ என்று குறிப்பிட்டு, அங்கே குடிபெயர்ந்தால் மாநில வருமான வரியாகப் போகும் தொகை முழுவதும் மிச்சம் என்று கட்டுரை முடித்திருப்பது, வேலைக்கான சம்பளக் கடிதங்கள் இரண்டைக் கையில் வைத்துக்கொண்டு எதை ஏற்பது என்று யோசிக்கும் இளைஞர்களைத் தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும் என்று கருதுவதால் இதை எழுதுகிறேன்.

முதலில் கட்டுரையின் பக்கம் உள்ள நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆண்டுக்கு 1,50,000 டாலர் சம்பளம் வாங்கும், மணமாகாத, வாடகை வீட்டில் இருக்கும் ஒரு பொறியாளரை எடுத்துக்கொள்வோம். 2024ஆம் ஆண்டின் விகிதங்களில், ஃபெடரல் (மத்திய அரசின்) வருமான வரி, சோஷியல் செக்யூரிட்டி என்ற ஓய்வூதியப் பிடித்தம், மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீட்டுப் பிடித்தம் மூன்றும் சேர்ந்து சுமார் 37,000 டாலர் போகும். இது எந்த மாநிலத்தில் இருந்தாலும் ஒன்றுதான். டெக்சஸில் பிடித்தம் அத்துடன் நின்றுவிடும். கலிபோர்னியாவில் மேலும் 9,800 டாலர் அளவுக்கு மாநில வருமான வரியும், எஸ்.டி.ஐ. என்ற மாநிலக் காப்பீட்டுக்காக 1,650 டாலரும் பிடிக்கப்படும். ஆக ஆண்டுக்கு ஏறத்தாழ 11,500 டாலர், மாதத்துக்கு 950 டாலருக்கு மேல் வேறுபாடு. ஏறத்தாழ 70,000 டாலரைத் தாண்டிய வருமானத்துக்கெல்லாம் கலிபோர்னியா 9.3 சதவீதம் வசூலிக்கிறது என்பதால், பெரும்பாலான பொறியாளர்களுக்குச் சம்பள உயர்வில் பத்தில் ஒரு பங்கு மாநிலத்துக்கே போய்விடுகிறது. இதை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் அதே பொறியாளர் மணமாகி, டெக்சஸின் ஆஸ்டின் நகரை ஒட்டிய புறநகர் ஒன்றில் வீடு வாங்கும்போது கணக்கு மாறுகிறது. தனிநபர் வருமான வரி கூடாது என்று டெக்சஸ் வாக்காளர்கள் 2019இல் மாநில அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்துவிட்டார்கள். பள்ளிகளையும் உள்ளாட்சிகளையும் பெருமளவில் சொத்து வரிதான் தாங்குகிறது. பல புறநகர்களில் அது வீட்டு மதிப்பில் 2 சதவீதத்தை ஒட்டி வருகிறது. அங்கே 6,00,000 டாலர் வீட்டுக்கு, சலுகைகளைக் கழிப்பதற்கு முன், ஆண்டுக்கு 12,000 டாலர். வேலை போன ஆண்டில் வருமான வரி தானாகக் குறைந்துவிடும், சொத்து வரியோ குறையாது. பணிநீக்கம் எப்போது வரும் என்று தெரியாத தொழிலில் இருப்பவர்களுக்கு இது சிறிய விஷயமல்ல. கலிபோர்னியாவிலோ 1978இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 13ஆம் முன்மொழிவு என்ற சட்டத்தின்படி அடிப்படைச் சொத்து வரி 1 சதவீதம். வரிக்கான மதிப்பும் ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் உயர முடியாது. அங்கே வீட்டின் விலையே இரண்டு மூன்று மடங்கு என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கட்டுரை தொடாத இன்னொன்று, மாநில, உள்ளூர் வரிகளை ஃபெடரல் வரிக்கான வருமானத்தில் கழித்துக்கொள்வதற்கான உச்சவரம்பு. 2018 முதல் 10,000 டாலராக இருந்த அது, 2025ஆம் ஆண்டுக்கு 40,000 டாலராக உயர்ந்துள்ளது. அந்த ஆண்டில் 5,00,000 டாலருக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு இந்த உச்சவரம்பு படிப்படியாகக் குறையும். கலிபோர்னியாவில் 20,000 டாலர் மாநில வரியும் 18,000 டாலர் சொத்து வரியும் கட்டி, வீட்டுக் கடன் வட்டியையும் கழிவாகக் காட்டிவரும் 24 சதவீத ஃபெடரல் வரி விகிதத்தில் வரும் தம்பதிக்கு, இந்த ஒரு மாற்றத்தால் ஆண்டுக்கு 6,700 டாலர் அளவுக்கு ஃபெடரல் வரி குறைகிறது. பழைய வரம்பை வைத்துப் போட்ட எந்த ஒப்பீடும் இன்றைக்கு உதவாது.

இனி, நம்மவர்கள் அதிகம் ஏமாறும் இடத்துக்கு வருகிறேன். பொறியாளர்கள் பலரின் வருமானத்தில் கணிசமான பங்கு ஆர்.எஸ்.யு. என்ற நிறுவனப் பங்குகளாக, பெரும்பாலும் நான்கு ஆண்டுகளில் பிரித்துத் தரப்படுகிறது. கலிபோர்னியாவில் வேலை செய்தபோது ஒதுக்கப்பட்ட பங்கு டெக்சஸுக்குப் போன பிறகு கைக்கு வந்தால் கலிபோர்னியாவுக்கு அதில் உரிமையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. பங்கு ஒதுக்கப்பட்ட நாள்முதல் உரிமையாகும் நாள்வரை உழைத்த நாட்களில் எத்தனை நாட்கள் கலிபோர்னியாவில் கழிந்தனவோ, அந்த விகிதத்துக்கு வரி அங்கே கட்டியாக வேண்டும். குடிபெயர்ந்த பிறகும் சில ஆண்டுகள் கலிபோர்னியாவுக்குக் கணக்குத் தாக்கல் செய்யும் நிலை இதனால் வருகிறது. வாஷிங்டன் மாநிலத்தை நாடுவோரும் ஒன்றை அறிய வேண்டும்: நீண்டகாலப் பங்கு ஆதாயம் குறிப்பிட்ட பெரிய தொகையைத் தாண்டினால் அங்கே 2022 முதல் குறைந்தது 7 சதவீத வரி உண்டு, அது செல்லும் என்று மாநில உச்ச நீதிமன்றமும் 2023இல் தீர்ப்பளித்துவிட்டது.

ஊரில் உள்ள வைப்புத்தொகையும் இந்தக் கணக்கில் வர வேண்டும். வெளிநாட்டில் சம்பாதித்த பணத்தை இந்திய வங்கியில் போட்டு வைக்கும் என்.ஆர்.இ. கணக்கின் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை; அமெரிக்காவில் ஃபெடரல் வரியும் உண்டு, கலிபோர்னியா வரியும் உண்டு. இந்தியாவில் ஈட்டிய வருமானத்துக்கான என்.ஆர்.ஓ. கணக்கிலோ, சென்னையில் வாடகைக்கு விட்ட வீட்டிலோ வரும் வருமானத்துக்கு இந்தியாவில் கட்டிய வரிக்கு ஃபெடரல் கணக்கில் ஈடு கிடைக்கிறது. கலிபோர்னியா அயல்நாட்டு வரிக்கு எந்த ஈடும் தருவதில்லை. ஒரே வருமானத்துக்கு இரண்டு இடத்தில் வரி. பெற்றோரின் மருத்துவச் செலவுக்கென்று 50 லட்சம் ரூபாயை 7 சதவீத வட்டிக்குப் போட்டிருப்பவருக்கு, டாலர் 84 ரூபாய் என்று கொண்டால், கலிபோர்னியாவில் இதற்கு மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 400 டாலர் போகும். டெக்சஸில் மாநில வரி ஏதுமில்லை. இந்த இடத்தில் டெக்சஸுக்கே நன்மை. தமிழ் இதழ் ஒன்றின் கட்டுரையில் இது விடுபட்டதுதான் எனக்கு வருத்தம்.

பிடித்தம் என்றாலே இழப்பு என்று கட்டுரை காட்டுவதையும் என்னால் ஏற்க முடியவில்லை. மேலே சொன்ன எஸ்.டி.ஐ. பிடித்தத்தில் இருந்துதான், குழந்தை பிறந்தால் தாய்க்கும் தந்தைக்கும் தலா 8 வாரங்கள் வரை கலிபோர்னியா விடுப்பு ஊதியம் தருகிறது. 2025இல் அதன் உச்சவரம்பு வாரத்துக்கு 1,681 டாலர். 8 வாரத்துக்கு 13,000 டாலருக்கு மேல். டெக்சஸில் தனியார் ஊழியருக்கு மாநிலம் இப்படி எதுவும் தருவதில்லை. நிறுவனம் கொடுத்தால் உண்டு, இல்லையேல் இல்லை.

இவ்வளவும் சம்பளம் மாறாது என்று கொண்டால்தான். பல நிறுவனங்கள் ஊழியர் வசிக்கும் ஊரைப் பொறுத்தே சம்பளத்தை நிர்ணயிக்கின்றன. சான் பிரான்சிஸ்கோ பகுதியை விட்டு நகர்ந்தால் 10 சதவீதம் குறையும் என்றால், 1,50,000 டாலரில் வரி மிச்சத்தின் பெரும்பகுதி அங்கேயே கரைந்துவிடும். எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவர் வேறு நகரப் பகுதிக்கு வேலையிடத்தை மாற்றுவதற்கு முன் நிறுவனம் குடிவரவுத் துறையிடம் திருத்திய மனு தாக்கல் செய்ய வேண்டும் என்பதால், வரியை மட்டும் பார்த்து அவசரமாகப் புறப்படவும் முடியாது.

தாங்கள் அடுத்து இதுபற்றி எழுதும்போது, மணமாகாத வாடகைதாரர், வீடு வாங்கிய தம்பதி, பங்கு வருமானம் அதிகம் உள்ளவர், ஊரில் வருமானம் உள்ளவர் ஆகியோரின் கணக்குகளைத் தனித்தனியாகப் போட்டு, எந்த ஆண்டின் விகிதம் என்பதையும் குறிப்பிட்டு அச்சிட வேண்டுகிறேன். பென்சில்வேனியாவின் 3.07 சதவீதம், இல்லினாயின் 4.95 சதவீதம் என்பது போல் எல்லா வருமானத்துக்கும் ஒரே விகிதத்தில் வரி வாங்கும் மாநிலங்களையும் அதில் சேர்க்கலாம். நம் பொறியாளர்கள் அங்கும் இருக்கிறார்கள், கட்டுரையில் அவர்களைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
ஃபிரீமான்ட், கலிபோர்னியா