மடக்குக் கத்தியை வேலைக்குக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார ஞாயிறு இணைப்பில் மடக்குக் கத்தி சேகரிப்பவர்களைப் பற்றி வந்த கட்டுரையை விடாமல் படித்தேன். தமிழ் நாளிதழில் பேனாக்கத்திக்கு இவ்வளவு இடம் கிடைத்ததில் எனக்கு உண்மையான சந்தோஷம். ஆனால் தினமும் பையில் வைத்துக்கொள்ளலாம் என்று நீங்கள் பரிந்துரைத்தவை எல்லாம் கருப்புப் பூச்சும் பாதி ரம்பப்பல்லும் கொண்ட பெரிய கத்திகள். நான் குன்னூரில் பழமர நாற்றுப்பண்ணை நடத்துகிறேன். பிளம்ஸ், பீச், பேரி ஒட்டுக்கட்டுவதுதான் பிழைப்பு, அதாவது நல்ல மரத்தின் குச்சியை வேருள்ள இன்னொரு செடியில் பொருத்தி வளர்ப்பது. பருவம் வந்துவிட்டால் காலை முதல் மாலை வரை மடக்குக் கத்தி கையை விட்டு இறங்காது. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: மடக்குக் கத்தி நல்லதா என்பதை அது போடும் வெட்டை வைத்துத்தான் சொல்ல முடியும். எஃகின் பெயரையும் விலையையும் வைத்துச் சொல்ல முடியாது.

ஒட்டுக்கத்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கட்டுரையில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. அதன் அலகுக்கு ஒரு பக்கம்தான் சரிவு, மறுபக்கம் தட்டை. தட்டைப் பக்கம் குச்சியோடு படிந்து ஒரே இழுப்பில் வந்தால்தான் வெட்டு சமமாக விழும். வேர்ச்செடியின் பட்டைக்கு அடியில் மெல்லிய பச்சைப் படலம் ஒன்று உண்டு. அதுவும் ஒட்டுக்குச்சியின் படலமும் ஒன்றையொன்று தொட்டால்தான் ஒட்டு பிடிக்கும். வெட்டு குழிந்துவிட்டால் நடுவே இடைவெளி விழும், குச்சி காய்ந்துபோகும்.

நான் இடது கைக்காரி. நம் பக்கத்துக் கடைகளில் எனக்குக் கிடைத்ததெல்லாம் வலது கைக்கான சரிவுதான். அதை இடது கையில் பிடித்து இழுத்தால் சரிவுப் பக்கம் குச்சியில் படும், வெட்டு கோணும். சரிவு மாற்றிச் செய்த, டீனா என்ற ஜெர்மன் கம்பெனியின் ஒட்டுக்கத்தி ஒன்று கைக்கு வந்த பிறகுதான் என் வேலை எனக்கே திருப்தியானது. வால்நட் மரப்பிடி, பித்தளை உள்தகடு, கார்பன் எஃகு அலகு, முதுகில் ஒரு வில் (ஸ்பிரிங்). விரித்த அலகு மடங்காமல் நிறுத்தும் பூட்டு கிடையாது. ஒட்டுக்கட்டும்போது அலகை நம் பக்கம்தான் இழுக்கிறோம், முதுகில் அழுத்தம் விழுவதில்லை, அதனால் பூட்டு இல்லாதது குறையே அல்ல. என்னிடம் இருப்பதில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

வீட்டுக்கும் தோட்டத்துக்கும் பொதுவாக ஒன்று வேண்டும் என்பவர்களுக்கு நான் சொல்வது ஒபினெல். 1890ல் பிரான்சின் சாவுவா மலைநாட்டில் ஜோசப் ஒபினெல் என்பவர் செய்யத் தொடங்கியது. ஒரு அலகு, ஒரு மரப்பிடி, அலகைப் பிடித்து நிறுத்தும் ஒரு வளையம், அவ்வளவுதான். அந்த வளையமும் 1955ல்தான் வந்தது. எட்டாம் எண் கத்தியின் அலகு எட்டரை சென்டிமீட்டர். கேரட், பீன்ஸ் முதல் நாற்றுக் கட்டின் சணல் வரை அதற்கு மேல் நீளம் தேவைப்பட்டதில்லை. மலைக்காரர்களுக்காக மலைக்காரர் செய்த கத்தி என்பதாலோ என்னவோ, நம் ஊர்க் குளிரில் அதைக் கையில் பிடித்தாலே ஒரு நிம்மதி.

ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். குன்னூர்ப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் அடிக்கிற மழையில் அந்த மரப்பிடி ஈரத்தில் உப்பி அலகைக் கவ்விக்கொள்ளும், நகத்தால் இழுத்தால் வராது. சாவுவாக்காரர்கள் வளையத்தைத் திறந்துவிட்டு, பிடியின் அடிப்பக்கத்தை மேஜையில் ஒரு தட்டு தட்டுவார்கள். அலகு கொஞ்சம் வெளியே வரும், அப்புறம் விரலால் திறந்துகொள்ளலாம். மழைக்கு முன்பே ஆளிவிதை எண்ணெய் பூசிக் காயவைத்தால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும்.

கார்பன் எஃகா, துருப்பிடிக்காத எஃகா? ஒபினெல் இரண்டிலும் வருகிறது. மூடுபனியில் நடமாடுகிறவர்கள், துடைக்கப் பொறுமை இல்லாதவர்கள் துருப்பிடிக்காததையே வாங்குங்கள். கார்பன் எஃகு பிளம்ஸ் சாறு பட்டால் சாம்பல் நிறமாகும், தேயிலைக் கொழுந்தின் துவர்ப்பு பட்டால் கறுக்கும். அந்தக் கறுப்பு கெடுதல் இல்லை, செம்மண் நிறத்தில் வருவதுதான் துரு. சேகரிப்பவர்கள் இந்தக் கறுப்பைத் தேய்த்துப் பளபளப்பாக்குவதைப் பார்த்தால் எனக்கு மனம் கேட்பதில்லை.

எண்ணெய் விஷயமும் நம் மலைக்கென்று தனி. மூட்டில் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். நம் குளிரில் அது உறைந்து மூட்டை இறுக்கிவிடும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். ஜப்பானில் அலகுக்குக் கமேலியா விதை எண்ணெய் பூசுகிறார்கள். கமேலியா நம் தேயிலையின் நெருங்கிய சொந்தம் என்று நினைக்கையில் எனக்கு அந்தப் பழக்கத்தின் மேல் தனிப் பிரியம். சாணை பிடிப்பவரின் வேகமான சக்கரத்தில் மெல்லிய அலகைக் கொடுக்காதீர்கள், சூடேறிப் பதம் போய்விடும். சாணைக்கல்லில் தண்ணீர் விட்டு நிதானமாகத் தீட்டுவதே சரி.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விக்டோரினாக்ஸின் அலுமினியப் பிடி கத்திகள் ஈரக் கையிலும் வழுக்காது, கழுவிக் காயவைத்தால் போதும். 1891ல் சுவிஸ் ராணுவத்துக்குக் கத்தி கொடுத்த கம்பெனி அது. ஜப்பானின் ஹிகோனோகாமி என்ற மடக்குக் கத்திக்கு வில்லும் இல்லை, பூட்டும் இல்லை, பின்பக்க நெம்புகோலை நம் கட்டைவிரல்தான் அழுத்திக்கொள்ள வேண்டும். பழகியவர் கைக்கு மட்டும் அது. அமெரிக்காவின் பக் 110 என்ற மடக்குக் கத்தி 1964 முதல் வருகிறது. பூட்டு உறுதி, ஆனால் எடை கிட்டத்தட்ட 200 கிராம். ஏற்றத்தில் நடக்கிறவர் சட்டைப்பைக்கு அது வேண்டாம்.

சட்டத்தையும் உங்கள் கட்டுரை தொடவில்லை. ஒரு சுற்றுலா இடத்தின் வாசலில் என் ஒட்டுக்கத்தியை ஆயுதம் என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார்கள். திரும்பும்போது அது அங்கே இல்லை. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் கூர்ஆயுதங்களின் கீழ் சொல்வது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை. அதிலும் வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்யப்பட்டவற்றுக்கு விலக்கு உண்டு. என் கத்தியின் அலகு விரல் நீளம்தான். அதே சமயம் விமானத்தில் கைப்பையில் கத்தி கூடாது, கூட்டம் கூடும் இடங்களுக்கு எடுத்துப் போகாமல் இருப்பதே நல்லது. இதைச் சேகரிப்பவர்களுக்கும் எடுத்துச் சொல்லுங்கள், காவலுக்கு நிற்பவர்களுக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.

அடுத்த பகுதி எழுதும்போது வேலை செய்யும் கத்திகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன். நீலகிரியில் தலைமுறை தலைமுறையாக இரும்பு வேலை செய்து, தோடர்களுக்கும் படகர்களுக்கும் கத்தியும் அரிவாளும் கொடுத்த கோத்தர்களின் பட்டறைகளிலிருந்தே தொடங்கலாம். கூடவே, இடது கைக்கான ஒட்டுக்கத்தி நம் மாநிலத்தில் எங்கே கிடைக்கும் என்று விசாரித்து எழுதினால் என்னைப் போன்றவர்களுக்குப் பெரிய உதவி. மார்கழியில் ஒட்டுக்கட்டும் வேலை தொடங்கிவிடும், அதற்கு முன்னால் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
நாற்றுப்பண்ணை வாசகி,
குன்னூர்