ஹார்ட் டிஸ்க்கைக் காப்பாற்றியவர்களுக்கு

அன்புள்ள அண்ணனுக்கும், தம்பிக்கும், அத்தைக்கும், அப்புறம் முகம் தெரியாத இருவருக்கும்,

வணக்கம். ஒவ்வொருவருக்கும் போன் போட்டு நன்றி சொல்லலாம் என்றுதான் ஆரம்பித்தேன். முதல் ஆளிடமே கதை முக்கால் மணி நேரம் ஓடிவிட்டது. அதனால் எல்லோருக்குமாகச் சேர்த்து இந்த மடல்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: கும்பகோணத்தில் மளிகை மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறவன் நான். ராத்திரி வீடு திரும்பினால் கம்ப்யூட்டர்தான் பொழுதுபோக்கு. பிறர் காயலான் கடைக்குப் போட வைத்திருந்த மூன்று பெட்டிகள் என் வீட்டில் டெபியன் என்ற இலவச லினக்ஸ் இயங்குதளம் போட்டு ஓடிக்கொண்டிருக்கின்றன. அதில் ஒன்றின் 320 ஜிபி டிஸ்க் போன ஆடி மாதம் 'டக், டக்' என்று சத்தம் போட ஆரம்பித்தது. பதினோரு வருடப் படங்கள் அதில்தான் இருந்தன. கிராமத்துத் தபால் நிலையத்தில் காலம் முழுக்க வேலை பார்த்த அப்பா, ஓய்வுபெற்ற பிறகு எழுதிய குறிப்புகளும் அதில்தான். 62 பக்கம். கையெழுத்துப் பிரதியைக் கரையான் தின்று பல வருடம் ஆகிறது. மூன்று கம்ப்யூட்டர் வைத்திருப்பவன் ஒரு நகல் எடுத்து வைக்கவில்லை என்று என் மனைவி இன்றும் சொல்லிக் காட்டுகிறாள். சொல்லட்டும், நியாயம்தான்.

பதற்றத்தில் நான் செய்த முதல் காரியம் முட்டாள்தனம். செத்துக்கொண்டிருக்கும் டிஸ்க்கின் மேலேயே பழுது பார்க்கும் கட்டளையை ஓட்டினேன். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற பட்டியலையே அது கலைத்துப் போட்டது. டேட்டா மீட்கும் கடை ஒன்றில் கேட்டால் முப்பதாயிரம் ஆகும், உத்தரவாதம் கிடையாது என்றார்கள். டிஸ்க்கை ஃபிரிட்ஜில் வைத்தால் சரியாகும் என்று இன்னொருவர் சொல்ல, பாலித்தீன் பையில் போட்டுத் தோசை மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் இடம்கூட ஒதுக்கிவிட்டேன்.

முதல் நன்றி அங்கே தடுத்த சென்னை அண்ணனுக்கு. லினக்ஸ் பயனர் கூட்டம் ஒன்றில் ஒரே ஒருமுறை பார்த்துப் பேசிய பழக்கம்தான். ராத்திரி பத்தரைக்கு போனை எடுத்து, "உள்ளே ஈரம் கோத்துக்கும், வெளியே எடுங்க. முதல்ல நகல். மத்ததெல்லாம் நகல் மேலதான்" என்றார். ஒரிஜினலைத் தொடாமல் பென் டிரைவிலிருந்து கம்ப்யூட்டரைக் கிளப்பச் சொன்னதும், கெட்டுப்போன டிஸ்க்கை நகலெடுக்கும் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ மென்பொருளைக் காட்டிக் கொடுத்ததும் அவர்தான். டெபியனில் இதை நிறுவ 'ஜிடிடிரெஸ்க்யூ' என்று கேட்க வேண்டும். இது தெரியாமல் நான் அரை மணி நேரம் முட்டிக்கொண்டது தனிக்கதை.

இந்த மென்பொருளின் புத்தியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சாதாரண நகல் கட்டளை கெட்ட இடத்தில் மாட்டினால் அங்கேயே முட்டி நிற்கும், அல்லது கைவிட்டுவிடும். டிடிரெஸ்க்யூ அப்படியில்லை. நல்ல இடங்களை முதலில் வேகமாக வாரிக்கொள்ளும். கெட்ட இடத்தைத் தாண்டிப் போய்விட்டு, கடைசியில் திரும்பி வந்து ஓரங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும். எதைப் படித்தாயிற்று, எது பாக்கி என்று மேப் கோப்பு ஒன்றில் குறித்துக்கொண்டே போகும். இரண்டாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் போனபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. கரண்ட் வந்ததும் அதே கட்டளையைத் திரும்பக் கொடுத்தேன். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. கணக்கு எழுதுகிறவன் என்பதால் சொல்கிறேன், இப்படிப் பேரேடு வைத்துக்கொள்கிற குணம் மனிதர்களிடமே அபூர்வம். இதை எழுதிய அந்தோனியோ டியாஸ் டியாஸ் அவர்களுக்கு நன்றி.

மூன்று ராத்திரி ஓடியது. அந்த மூன்று ராத்திரியும் டிஸ்க் சூடாகாமல் இருக்க டேபிள் ஃபேனை அதற்குத் திருப்பி வைத்துவிட்டு வியர்வையில் தூங்கிய என் மனைவிக்கு நன்றி சொன்னால், "எழுத்தில் எல்லாம் வேண்டாம்" என்பாள். எழுதிவிட்டேன். நகல் எடுக்க 1 டிபி டிஸ்க்கை என்றைக்குத் திருப்பித் தருவேன் என்றுகூடக் கேட்காமல் கொடுத்த மொபைல் கடை அண்ணனுக்கும் நன்றி.

நகல் கிடைத்தது. ஆனால் பட்டியல் கலைந்து கிடந்ததே! இங்கேதான் கைகொடுத்தது கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய ஃபோட்டோரெக் என்ற கோப்பு மீட்கும் மென்பொருள். அது பட்டியலை நம்புவதே இல்லை. டிஸ்க்கை முதலிலிருந்து துழாவி, ஜேபெக் படம் என்றால் இப்படித்தான் தொடங்கும், வேர்டு ஆவணம் என்றால் இப்படித்தான் தொடங்கும் என்று தலைப்பகுதியைப் பார்த்தே பிடித்துவிடும். பெயர் மட்டும் போய்விடும். பதினாலாயிரத்துச் சொச்சம் படங்களும் அறுநூறு ஆவணங்களும் வெறும் எண்களாக வந்து விழுந்தன.

அப்பாவின் 62 பக்கம் அந்த அறுநூறில் எது? டிடிபி கடையில் பாமினி எழுத்துருவில் அடித்தது அது. பாமினியில் தமிழ் தெரிவது கண்ணுக்கு மட்டும்தான், உள்ளே கிடப்பதெல்லாம் ஆங்கில எழுத்துகள். என் தங்கை மகன், பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு, வந்து உட்கார்ந்தான். "மாமா, தாத்தா கட்டாயம் எழுதியிருக்கிற ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றான். தபால் என்றேன். பாமினியில் தபால் என்றால் ஜே, ஜி, எச், ஒய், அரைப்புள்ளி. அதை வைத்து, கோப்புகளுக்குள் எழுத்துகளைத் தேடும் கிரெப் கட்டளையால் தேடினான். நான்கு கோப்புகள் சிக்கின. ஒன்றில் மட்டும் தபால் முன்னூறு தடவைக்கு மேல் வந்திருந்தது. வேறு யார் எழுதியிருக்க முடியும்? ஓப்பன் தமிழ் என்ற பைத்தான் நிரலகத்தை வைத்து அன்றே, உள்ளேயும் தமிழாகவே இருக்கும் யூனிகோடுக்கு மாற்றிக் கொடுத்தான். தம்பி, உன் கம்ப்யூட்டருக்கு நீ கேட்ட ராம் மெமரியைத் தீபாவளிக்கு வாங்கித் தருகிறேன். இது எழுத்துபூர்வமான வாக்குறுதி.

கட்டளைகளைக் கண்டு பயப்படாமல் இருக்க எனக்குக் கற்றுக்கொடுத்தது 2012 முதல் கட்டற்ற மென்பொருள்களைப் பற்றித் தமிழில் எழுதிவரும் கணியம் இணைய இதழ். அதில் எழுதுகிற எல்லோருக்கும் ஒரு கும்பிடு.

கேமராவில் எடுத்த படங்களை அவற்றுக்குள் பதிந்திருந்த தேதியை வைத்து எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருள் வரிசைப்படுத்திவிட்டது. வாட்ஸப்பில் வந்தவற்றிலும் ஸ்கேன் செய்த பழைய படங்களிலும் தேதி ஏது? அதற்கு எந்த மென்பொருளும் இல்லை, அத்தைதான். நான்கு ஞாயிற்றுக்கிழமை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "இது கல்யாணம் இல்லடா, காதுகுத்து. உங்க அப்பன் கையில பாரு, தபால் பை. லீவு போடாமயே வந்திருக்கான்" என்றார். அந்தப் படம் இப்போது குறிப்புகளின் முதல் பக்கத்தில்.

நகல்கள் இப்போது இரண்டு. ஒன்று திருச்சியில் தங்கை வீட்டில். மொபைல் கடை அண்ணனின் டிஸ்க் வரும் வாரம் அவர் கைக்கு வந்துவிடும். யாரென்று தெரியாத 43 படங்கள் மட்டும் பாக்கி. கண் ஆபரேஷன் முடியட்டும், மறுபடி உட்காருகிறேன் என்று அத்தை சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
கும்பகோணத்துக் கணக்குப்பிள்ளை