முதலில் பெயரைக் கேள், பாப்பா

சுங்கை சிப்புட்,
ஞாயிறு மாலை

அன்பு மகளுக்கு,

நேற்று நீ போனில் கேட்டதற்கு அவசரத்தில் ஏதோ சொல்லிவிட்டேன். அப்புறம் ராத்திரி முழுக்க அதே நினைப்பு. எழுதினால்தான் ஒழுங்காக வரும். தம்பி இதைப் படம் பிடித்து வாட்சப்பில் அனுப்புவான்.

வேறு பிரிவிலிருந்து ஆறு பேர் உன் குழுவுக்கு வருகிறார்கள். வியாழக்கிழமைக் கூட்டத்தில் முதல் 10 நிமிடம், எல்லாரும் கூச்சம் விட்டுப் பேச ஏதாவது செய்யச் சொல்லியிருக்கிறார்கள். இணையத்தில் தேடினால் விளையாட்டுகளாகக் கொட்டுகிறது, எதைப் பிடிப்பது என்று தெரியவில்லை என்றாய்.

எனக்கு ஒரு பழைய விஷயம் ஞாபகம் வருகிறது. நான் ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கு எழுதுபவனாக, சேர்ந்த புதிது. பக்கத்துத் தோட்டம் கைமாறி, அங்கிருந்த சில குடும்பங்கள் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு வந்தன. விடியுமுன் பெரட்டு, ஆள் கணக்கெடுக்கும் நேரம். பனியில் உளியும் வாளியுமாக நின்றவர்களை செக்ரோல் என்ற பெயர்ப் பதிவேட்டைப் பார்த்துக் கூப்பிட்டேன். ரோமன் எழுத்தில் ழகரமும் ளகரமும் லகரமும் ஒன்றாகிக் கிடக்கும், உனக்கே தெரியும். ஒரு அம்மாவின் பெயரை மூன்று நாள் தப்பாகவே கூப்பிட்டேன். நாலாம் நாள் பால் நிறுக்கும் இடத்தில் கேட்டேன், "உங்களை எப்படிம்மா கூப்பிடணும்?" என்று. பெயரைச் சொன்னார்கள். சொல்லிவிட்டு, இரண்டு நாளாகத் தன் பால் எடையை நான் குறைத்து எழுதியிருப்பதையும் சொன்னார்கள். என் தவறுதான். அதுவரை அவர்கள் வாய் திறக்கவே இல்லை.

உன் சின்னம்மா ஆபரேஷன் அறையில் தாதியாக இருந்தபோது இதையே வேறு மாதிரி சொல்வாள். உலகச் சுகாதார நிறுவனம் 2008-இல் அறுவை சிகிச்சைக்கென்று ஒரு சரிபார்ப்புப் பட்டியல் கொண்டுவந்தது. கத்தி வைப்பதற்கு முன் அறையில் இருப்பவர்கள் தங்கள் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும் என்பதும் அதில் ஒன்று. ஆரம்பத்திலேயே ஒரு வாய் பேசிவிட்டவருக்கு, பிறகு ஏதாவது தப்பாகத் தெரிந்தால் பெரிய டாக்டரிடம்கூடச் சொல்லத் தைரியம் வரும் என்பாள். உன் 10 நிமிடம் அதற்குத்தான், பாப்பா. சிரிப்பு வந்தால் நல்லது, வராவிட்டாலும் குறையில்லை.

என்னை ஒரு முறை இரண்டு நாள் பயிற்சிக்கு ஒரு ஹோட்டலுக்கு அனுப்பினார்கள். வந்ததும் வராததுமாக, ஒவ்வொருவரும் எழுந்து வாழ்க்கையில் தலைகுனிந்த சம்பவத்தைச் சொல்லச் சொன்னார்கள். முன்பின் தெரியாத முப்பது பேருக்கு நடுவில்! நான் எதையோ சொல்லி உட்கார்ந்தேன். அந்த இரண்டு நாளும் அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அதனால் அந்தரங்கம் தோண்டும் கேள்வி, பாடச் சொல்வது, கை கோக்கச் சொல்வது எதுவும் வேண்டாம். நோன்பு மாதம் வந்தால் சாப்பாட்டை வைத்து விளையாட்டும் வேண்டாம்.

இரண்டே கேள்வி போதும். உங்களை எப்படிக் கூப்பிட வேண்டும்? எந்த விஷயத்துக்கு உங்களிடம் வரலாம்? நம் மலேசியாவில் முதல் கேள்விக்கே எவ்வளவு கதை இருக்கிறது பார். முகமட் என்று தொடங்கும் பெயர் உள்ள பலரை அடுத்த பெயரால்தான் கூப்பிடுகிறார்கள். சீனர்களுக்குக் குடும்பப் பெயர் முன்னால் வரும். நமக்கோ குடும்பப் பெயரே இல்லை, அப்பா பெயர் பின்னால் நிற்கிறது. வெளிநாட்டிலிருந்து வரும் மின்னஞ்சலில் என் பெயரைச் சொல்லி உனக்கு வணக்கம் வைக்கிறார்கள் என்றாயே, அதையே முதலில் சொல்லு. நீ அரை நிமிடத்தில் முடித்தால் மற்றவர்களும் அப்படியே முடிப்பார்கள். ஆனால் யாருடைய அப்பா பெயரையும் நீயாகக் கேட்காதே. சிலருக்கு அந்த இடத்தில் வலி இருக்கும்.

நேரத்தையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உன்னோடு 12 பேர். ஆளுக்கு ஒரு நிமிடம் என்றாலே 12 நிமிடம் ஓடிவிடும், கடைசி ஆள் வருவதற்குள் எல்லார் கவனமும் போய்விடும். மூன்று மூன்று பேராக நாலு கூட்டம் பிரி. ஒரு கூட்டத்தில் பழைய ஆள், புது ஆள் இரண்டும் கலந்திருக்கட்டும். ஆளுக்கு ஒன்றரை நிமிடம் என்றால் நாலரை நிமிடத்தில் முடியும். பிறகு ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரை ஒரே வரியில் மற்றவர்களுக்கு அறிமுகம் செய்யட்டும், அதற்கு மூன்று நிமிடம். குலிமிலிருந்து வீடியோவில் சேரும் இருவரை அறையில் இருக்கும் ஒருவரோடு சேர்த்துவிடு. அவர் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு சத்தமில்லாத மூலைக்குப் போகட்டும். அறிமுகத்தை அந்த இருவரிடமிருந்தே தொடங்கு, கடைசியில் விட்டால் நேரமில்லாமல் அவர்கள்தான் விடுபடுவார்கள்.

பேச விருப்பமில்லாதவர் பெயரை மட்டும் சொல்லிவிட்டு உட்காரலாம் என்று முதலிலேயே சொல்லிவிடு. சொல்கிற பெயர்களை அவர்கள் உச்சரிக்கிற மாதிரியே தமிழில் குறித்து வைத்துக்கொள்.

அம்மா முறுக்கு சுட்டு வைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறியதும் போன் பண்ணு, நான் மோட்டார் எடுத்துக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு வருகிறேன்.

அன்புடன்,
அப்பா